பட்டினித் தட்டுகள்

இரண்டாம் மாடியில் கோட்டக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலரே திருதிருவென்று முழிப்பார். அந்த மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் ஐந்து வருஷமாகப் புட்டி கழுவுகிறாள். கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, உலர்த்தி, ஆராய்ச்சிக்காரர்கள் திரவம் நிரப்பிக் கொடுத்ததும் ஃபிரிட்ஜில் அடுக்குவது வரை அவள் பொறுப்பு. அடுக்கும்போது ஒவ்வொரு புட்டியின் பக்கவாட்டிலும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை டேப் ஒட்டுவாள். உள்ளே திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் தேதி, மணி. யாராவது எடுத்துப் பயன்படுத்திவிட்டு மேசையில் விட்டுப்போனால், திரும்ப உள்ளே வைக்கும்போது இன்னொரு கோடு.

அப்படிச் செய் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

“இந்தக் கட்டடத்துல புட்டித் திருடன் யாரும் இல்லக்கா,” என்று சின்ன டாக்டர் ஒருநாள் சிரித்தாள். ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிற பெண். ஊசிபோட்டு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. இருந்தாலும் அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“இல்லன்னுதான் நானும் நெனைக்கிறேன் மேடம். கோடு இருந்தா நெனைக்க வேண்டியதில்ல, பாத்தா போதும்.”

அவள் ஒரு நாளில் பேசுகிற பேச்சில் பாதி அதுவாகத்தான் இருக்கும். வாய் திறக்கமாட்டாள், ஆனால் கண் மூடமாட்டாள். யார் செருப்பு எங்கே கிடக்கிறது, யார் கை நடுங்குகிறது, யார் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். வீட்டிலும் இதே கதைதான். எண்ணெய்ப் புட்டியில் கோடு, தேன் புட்டியில் கோடு. லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவன், கண்ணாடி முன்னால் நின்று சொல்வான்: “என் நெத்தியிலயும் ஒரு கோடு போட்டுடு. முடி எவ்வளவு தூரம் பின்னால போவுதுன்னு தேதியோட தெரிஞ்சிடும்.”

சந்தேகம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது என்று சொல்வதற்கில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், வரைபடம் எடுத்துவர ஆசிரியர் அறைக்கு அவளை அனுப்பினார்கள். அன்று பிற்பகல் மேசையிலிருந்த கேள்வித்தாள் காணாமல் போயிருந்தது. “நீதானே உள்ள போன?” என்று கேட்டார் ஆசிரியர். போனது உண்மை. எடுத்தது உண்மையில்லை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்று யோசித்து நிற்பதற்குள், நாற்பது ஜோடிக் கண்கள் அவளைத் தின்றுவிட்டன. மௌனம் சம்மதம் என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. எடுத்தவர் யார் என்று இன்றைக்கும் தெரியாது. வகுப்பில் இருந்த நாற்பது பேரையும் அவள் இன்னும் விடுவிக்கவில்லை.

கோடு போடுகிற பழக்கம் வந்தது தையல்காரம்மாவால்.

தையல்காரம்மா எதிர்வீட்டுக்காரி. ஒரே மாடி, மூன்றடி நடை, நேருக்கு நேர் கதவு. கோட்டக்கா வேலைக்குச் சேர்ந்தபோது மகளுக்கு ஒரு வயது. “நான் வீட்டுலதானே மிஷின மிதிச்சிக்கிட்டிருக்கேன், விட்டுட்டுப் போ,” என்று தையல்காரம்மாதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பாப்பா அங்கே தவழ்ந்தாள், நடந்தாள். அம்மா, அப்பா, பால், நூல், பூனை என்று பத்துச் சொல் பேசினாள். இரண்டு வயது தாண்டியதும் ஒவ்வொரு சொல்லாகக் கழன்று விழுந்தது. பூனை போயிற்று, நூல் போயிற்று. பிறகு ஒருநாள் வலிப்பு வந்தது.

கோட்டக்காவின் கண் நேரே தையல்காரம்மா வீட்டுத் துணி வெட்டும் மேசையின் மேல் போய் நின்றது. இடுப்பளவு உயரம். குழந்தையைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்துவிட்டு அளவெடுப்பது வழக்கம். கீழே கல்தரை.

“விழுந்தாளா அக்கா? உண்மையச் சொல்லுங்க.”

“சத்தியமா விழல தங்கச்சி. விழுந்தா சொல்லமாட்டேனா?”

விழுந்திருந்தால் யார்தான் சொல்வார்கள்? வலிப்பு மருந்து கொடுக்கத் தொடங்கியதும், மருந்துப் புட்டியில் முதல் கோட்டைப் போட்டாள். காலையில் விடும்போது ஒரு கோடு, மாலையில் வாங்கும்போது ஒரு பார்வை. ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘கொடுக்க மறந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்திருப்பாளோ?’ என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பகலில் பார்த்துக்கொள்ள சிறப்புக் குழந்தைகள் பள்ளி கிடைத்தது. எதிர்க்கதவோடு நாலு வருஷமாகப் பேச்சில்லை. பாப்பாவுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் எதிர்வீட்டில் தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். ஒட்டுக்கேட்கிறாள் என்று கோட்டக்கா கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவாள்.

போன வருஷம், பக்கத்துக் கட்டடத்து ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பாப்பாவின் இரத்தத்தைப் பரிசோதித்து, ஒரு மரபணுவில் சிறு மாற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். அது கெடுதலான மாற்றமா, மச்சம்போல சும்மா கிடப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. கெடுதல் என்றால், மூளையைப் பிடித்த நோய். வளர்ந்தபின் நடையும் கைப்பழக்கமும்கூடக் குறையலாம். சும்மா என்றால், வேறு காரணம் தேட வேண்டும். பயிற்சி கொடுத்தால் இழந்ததை மீட்கவும் வாய்ப்பு உண்டு. கண்டுபிடிக்க ஒரே வழி, தோலில் துளி எடுத்து, அதை நரம்புச் செல்லாக மாற்றி வளர்த்துப் பார்ப்பதுதான். கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் குழாயில் ஒட்டிய எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தேழு. பெயர் எங்கும் போகாது, எண் மட்டும்தான் போகும் என்றாள் நர்ஸ்.

எங்கே போகும் என்று கோட்டக்கா கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து, இரண்டாம் மாடியில் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், 37 டிகிரிச் சூட்டில், மூடிமேல் ‘47’ என்று எழுதிய தட்டுகளைப் பார்த்தபோது, கையிலிருந்த புட்டியை நழுவவிடாமல் மெதுவாக மேசையில் வைத்தாள்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அந்த அறைக்குள் விடமாட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

வேறொரு தந்திரம் செய்தாள். புட்டியைத் துடைத்துக்கொண்டே சின்ன டாக்டரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“இந்தத் தட்டுல ‘பட்டினி’ன்னு எழுதியிருக்கே மேடம், அது என்ன கூத்து?”

கேட்க ஆள் கிடைத்தால் சின்ன டாக்டர் விடுவாளா? டீயை ஆறவிட்டுச் சொன்னாள். “செல்லுக்குள்ள தெனமும் குப்பை சேரும்க்கா. தேஞ்ச உறுப்பு, கெட்டுப்போன புரதம். அதை ஒரு பையில சுத்திக்கட்டி, செல்லே தின்னுடும். தின்னு, அதுலேருந்தே புதுசு செஞ்சுக்கும். தன்னைத்தானே தின்னுறதுன்னு அதுக்குப் பேரு.”

“நல்லாருக்கே! வெளியில தீனி இல்லன்னா?”

“அதான் விஷயம். தீனியை நிறுத்திட்டா, ஆரோக்கியமான செல் இன்னும் வேகமாப் பை கட்டும். அதைப் பச்சைப் புள்ளியா மைக்ரோஸ்கோப்புல பாப்பேன். காலையில பத்து மணிக்குத் தீனியை எடுத்துட்டு வெறும் உப்புத்தண்ணி ஊத்துவேன். ரெண்டு மணிக்கு எண்ணுவேன். புள்ளி பெருகினா நல்ல செல். பெருகலைன்னா கோளாறு.”

“மூளைக்கும் இதுக்கும் என்ன?”

“நரம்புச் செல் மத்த செல் மாதிரி இல்லக்கா. அவ்வளவு நீளம். இன்னொரு செல்லோட கைகோக்குற எடம் கடைசி முனையில இருக்கும். குப்பை அங்கயும் சேரும். அதை அங்கேயே பையில கட்டி, அவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்துதான் செரிக்கணும். சின்னக் கொழந்தைங்க மூளையில தேவைக்கு மேல கைகோத்திருக்கும். வேண்டாததைக் கழிச்சாத்தான் வேண்டியது உறுதியாவும். கழிக்க முடியலைன்னா எல்லாம் குழம்பிடும். வயசானவங்களுக்கு வர்ற மறதி, நடுக்கம், அதுலயும் இந்தக் கோளாறுக்கு ஒரு பங்கு இருக்குன்னு சொல்றாங்க.”

கோட்டக்கா தலையாட்டினாள். பாதி புரிந்தது. புரிந்த பாதி தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

முதல் சோதனை நடந்த அன்று ரெண்டு மணிக்கு, கழுவும் அறையில் குழாயைத் திறக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். “நாப்பத்தேழு நல்லா வந்திருக்கு. ஆரோக்கியமான செல்லுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல,” என்று சின்ன டாக்டர் போனில் சொல்வது கேட்டது.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு எதிர்க்கதவைக் காட்டினாள். “உடம்புல கோளாறு இல்லன்னா என்ன அர்த்தம்? அந்த மேசை. கீழ போட்டிருக்கா. நாலு வருஷமா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறா.”

“மெதுவாப் பேசு. அந்தம்மாவுக்குக் காது இருக்கு.”

“இருக்கட்டும். கேக்கட்டும்.”

எதிர்வீட்டில் மிஷின் சத்தம் நின்றது.

ஆனால் நல்ல செய்தி ஒரு மாதம்தான் நீடித்தது. செல்கள் கிளை விட்டு வளர்ந்தபின் இரண்டாம் சோதனை நடந்தது. நாற்பத்தேழில் புள்ளி பெருகவில்லை. பட்டினி போட்ட தட்டும் தீனி போட்ட தட்டும் ஒன்றுபோல இருந்தன. மற்றவர்களின் செல்கள் எப்போதும்போலப் பெருகியிருந்தன. மூன்றாவது முறையும் அப்படியே. சின்ன டாக்டர் நகத்தைக் கடித்தாள். அவள் மனத்தில் ஓடியது என்ன என்பதைக் கோட்டக்கா முகத்திலிருந்தே படித்தாள்: முதலில் சரியாக வந்தது எப்படிக் கெடும்? நடுவில் யாரோ பட்டினித் தட்டில் தீனி ஊற்றியிருக்கிறார்கள். தீனிக்கும் உப்புத்தண்ணீருக்கும் ஒரே இளஞ்சிவப்பு நிறம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே, சாப்பாட்டு நேரத்தில், அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

அதற்கு முந்தின வாரம்தான், இன்குபேட்டரின் உள்கதவைத் திறந்து நாற்பத்தேழாம் தட்டுக்கு அருகே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் கோட்டக்கா. தொடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். பின்னால் சின்ன டாக்டரின் காலடிச் சத்தம். “என்னக்கா பண்றீங்க?” “மூடி சரியா இருக்கான்னு…” என்று மென்று விழுங்கினாள்.

மிச்சக் குட்டு ஆஸ்பத்திரி லிஃப்டில் உடைந்தது. பாப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன நாள். லிஃப்ட் திறந்தது, உள்ளே சின்ன டாக்டர். பாப்பா அவளுடைய அடையாள அட்டையை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். சின்ன டாக்டர் சிரித்தபடி குனிந்தாள். கோட்டக்கா மார்போடு அணைத்திருந்த கோப்பு கண்ணில் பட்டது. அதன் மூலையில் ஒட்டியிருந்த ‘47’ என்ற எண்ணும் பட்டது. சிரிப்பு வாயிலேயே உலர்ந்தது. மூன்று மாடி இறங்கும்வரை பாப்பா மட்டும் அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் நரைத்த தலையும் சாந்தமான குரலும் உள்ள அம்மா. உட்காரச் சொன்னார். கோட்டக்கா உட்காரவில்லை.

“உங்க மக தட்டுன்னு தெரிஞ்சே ஏன் சொல்லல?”

கோட்டக்கா மேசைமேலிருந்த தண்ணீர்ப் புட்டியின் மட்டத்தைப் பார்த்தாள்.

“பெத்த மனசு. பட்டினின்னு எழுதியிருக்கறத பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? எனக்குப் புரியுது. கோபமில்ல. ஊத்தினீங்கன்னா ஊத்தினேன்னு சொல்லிடுங்க. அந்த ரெண்டு சோதனையையும் தூக்கிப் போட்டுட்டு, புதுசா செல் வளத்து முதலேர்ந்து செய்வோம். வேலைதான்… அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குச் சொல்லுங்க.”

நீதானே உள்ளே போனாய்? உள்ளே போனது உண்மை. ஊற்றியது உண்மையில்லை. முப்பது வருஷம் கழித்தும் அதே கேள்வி, நாற்காலி மட்டும் வேறு.

அன்று வீட்டில் அவள் நடந்ததைச் சொல்லக் கணவன் கேட்டான். கையில் இருந்த திருப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஊத்தினேன்னு சொல்லிடேன்.”

“நான் ஊத்தலங்க!”

“தெரியும். ஆனா யோசி. நீ ஊத்தினதா இருந்தா, அந்த ரெண்டு சோதனையும் செல்லாது. முதல் சோதனை நிக்கும். பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. முதலேர்ந்து செல் வளக்க இன்னும் ஏழு மாசம். அதுவரைக்கும் நம்ம பாப்பா நல்லாருக்கா. வேலை போனா போவுது. புட்டி கழுவ வேற எடமா இல்ல?”

“ஊத்தலைன்னு சொன்னா?”

தரையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தான். ஊத்தவில்லை என்றால், நாற்பத்தேழு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

தன் பெயரைக் காப்பாற்றினால் மகளுக்குத் தீர்ப்பு. மகளைக் காப்பாற்றினால் தான் திருடி.

காலையில் ஏழு மணிக்கே போய்க் கழுவும் அறையைத் திறந்தாள். அலமாரிக் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். தீர்ந்துபோன புட்டியைக் கழுவும்போது டேப்பை உரித்து அங்கே ஒட்டி வைப்பது அவள் வழக்கம். ஏன் என்று கேட்டால் தெரியாது; தூக்கிப்போட மனம் வராது. வரிசை வரிசையாக வெள்ளைக் கீற்றுகள். செல்லுக்கு ஊற்றும் தீனித் திரவம் இருந்த புட்டிகளின் கீற்றுகளைத் தேடிப் பிடித்தாள்.

அவள் தேடியது தன் குற்றமற்ற தன்மையை அல்ல. குற்றவாளியை. வாழ்நாள் முழுக்க யார்மேலோ சந்தேகப்பட்டவள், அன்றைக்குத்தான் ‘என் சந்தேகம் பலிக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டாள். யாராவது ஊற்றியிருக்கட்டும். ஃபிரிட்ஜ் பழுது பார்க்க வந்தவன் ஊற்றியிருக்கட்டும். சின்ன டாக்டரே கை தவறி ஊற்றியிருக்கட்டும். ஒரே ஒரு கோடு, அரை விரல் கீழே இறங்கியிருந்தால் போதும். பாப்பா பிழைத்தாள்.

இரண்டாம் சோதனை நாள். காலை பத்தே கால்: கோடு. புட்டியைத் திரும்ப வைத்த நேரம். பிற்பகல் இரண்டு பத்து: சின்ன டாக்டர் எடுக்கும் முன் அவள் பார்த்தது, அதே கோட்டின்மேல் ஒரு சின்னப் புள்ளி. மட்டம் மாறவில்லை என்றால் புள்ளி வைப்பாள். மூன்றாம் சோதனை நாள். கோடு, அதன்மேல் புள்ளி. ஃபிரிட்ஜில் இருந்த மற்ற இரண்டு புட்டிகள். கோடு, புள்ளி. கோடு, புள்ளி.

நாற்பத்தேழின் பன்னிரண்டு பட்டினித் தட்டுக்கும் தீனி ஊற்றினால் நூறு மில்லிப் புட்டியில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கும். எங்கேயும் இறங்கவில்லை. யாரும் ஊற்றவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போய் ‘ஊத்தினேன்’ என்று சொல்லிவிடலாம். கீற்றுகளை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட அரை நிமிஷம் ஆகாது. ஒரு கீற்றின் முனையை நகத்தால் நிமிண்டினாள்கூட.

அப்புறம் நினைத்துப் பார்த்தாள். ஏழு மாதம் கழித்து மறுபடி பட்டினி போடுவார்கள். மறுபடி புள்ளி வராது. அப்போது யார்மேல் பழி போடுவது? அதுவரை வலிப்புக்குத் தவறான மருந்து, இல்லாத காரணத்தைத் தேடி அலைச்சல். இவள் போட்ட பொய்யைப் பாப்பா அல்லவா விழுங்க வேண்டும்? பேசத் தெரிந்தால் கேட்பாள்.

அலமாரிக் கதவின் திருகுகளைக் கழற்றினாள். கணவனிடம் கற்றுக்கொண்ட ஒரே தொழில் அது. கதவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்கு நடந்தாள். வராந்தாவில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன், “கோட்டக்கா வீடு மாத்துறாங்க போல,” என்றான்.

“நான் ஊத்தல,” என்றாள் உள்ளே போனதும். குரல் கிரீச்சிட்டது. “வேற யாரும் ஊத்தல. மேடத்தோட நோட்டை எடுத்து வரச் சொல்லுங்க. எவ்வளவு எடுத்தாங்கன்னு அதுல இருக்கும். எவ்வளவு கொறஞ்சுதுன்னு இதுல இருக்கு.”

சின்ன டாக்டர் நோட்டோடு வந்தாள். ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம். எல்லாம் பொருந்தியது.

சின்ன டாக்டர் நிமிர்ந்தாள். கண்ணில் இன்னும் சந்தேகம் போகவில்லை. “தீனியை எடுத்துட்டு, மட்டம் தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி நிரப்பியிருக்கலாமே அக்கா?”

அது கோட்டக்காவின் சொந்தக் கேள்வி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்துப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக் கேட்ட கேள்வி. எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் இது இப்படித்தான் வலிக்குமா?

“ஊத்தியிருந்தா,” என்றார் பெரிய டாக்டர், அவளுக்குப் பதிலாக, “அதே புட்டியிலேருந்து தீனி போன மத்த தட்டெல்லாம் வாடியிருக்கும். வாடலையே.”

சின்ன டாக்டர் தலை குனிந்தாள்.

இருந்தாலும் மிச்சமிருந்த தட்டுகளில் இன்னொருமுறை செய்து பார்த்தார்கள். இம்முறை அறையைப் பூட்டிச் சாவியைப் பெரிய டாக்டர் தன் பையில் போட்டுக்கொண்டார். கோட்டக்கா தானாகவே வராந்தாக் கோடியில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பத்திலிருந்து இரண்டு வரை அசையவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

இரண்டரைக்குச் சின்ன டாக்டர் வெளியே வந்தாள். கழுவும் அறைக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள். கோட்டக்கா பின்னாலேயே போய் நின்றாள்.

“பெருகலக்கா.”

“ம்.”

“முதல்ல நல்லா வந்தது ஏன்னு இப்பத்தான் புரியுது. அப்ப செல்லுக்கு வெறும் ரெண்டு வாரம். தனித்தனியா இருந்துச்சு. இப்ப ஆறு வாரத்துக்கு மேல ஆச்சு. கிளை விட்டு, ஒண்ணோட ஒண்ணு கைகோத்த பிறகுதான் அந்தக் கடைசி முனையில பை கட்ட முடியாமப் போவுது. நான் அதை யோசிச்சிருக்கணும். யோசிக்காம, உங்கள…” குழாயை மூடினாள். “மன்னிச்சிடுங்க.”

“அப்ப பாப்பா ரெண்டு வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?”

“ஆமா. அப்படித்தான் இருந்திருப்பா.”

“கீழ விழுந்து இப்படி ஆவாதா?”

“விழுந்து இந்த மாதிரி ஆவாதுக்கா. இது பொறக்கும்போதே எழுதினது.”

கோட்டக்கா தொட்டியில் கிடந்த புட்டியை எடுத்துக் கழுவினாள். அழவில்லை. இனி என்ன செய்வது என்று பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதினார்: வலிப்பு மருந்தை மாற்ற வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடையையும் கையையும் பார்க்க வேண்டும். குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை, பொய் சொல்லமாட்டேன் என்றார். கோட்டக்காவுக்கு வேலை போகவில்லை. அந்த அறைக்குள் போகும் வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தார்கள். அது நியாயம் என்று அவளுக்கே பட்டது. கழற்றிய கதவை அவளே திரும்பப் பொருத்தினாள்.

ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றிக் கொடுத்த அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டாள். நடையில் நின்றாள். தன் கதவைத் திறக்காமல் எதிர்க்கதவைத் தட்டினாள். மிஷின் சத்தம் நின்றது. கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது, சங்கிலியை எடுக்கவில்லை.

“என்ன?” என்றாள் தையல்காரம்மா. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. “இப்ப எதைக் காணோம்?”

“பாப்பா விழலக்கா.”

“நாலு வருஷமா நான் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“சோதனை பண்ணிப் பாத்துட்டாங்க. பொறவியிலேயே வந்ததாம்.”

“ஓ. மைக்ரோஸ்கோப்பு சொன்னா நம்புவ. மனுஷி சொன்னா நம்பமாட்ட.”

கோட்டக்கா கால் கட்டைவிரலால் தரையை அழுத்தினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். தையல்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இதில் என்ன சூது இருக்கிறதோ என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையைக் கோட்டக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

“மருந்து மாத்தியிருக்காங்க,” என்றாள் கடைசியில். “மத்தியானமும் ஒரு வேளை கொடுக்கணும். பள்ளிக்கூடத்துல மருந்து கொடுக்கமாட்டாங்களாம், இனிமே பன்னெண்டு மணிக்கே வேன்ல அனுப்பிடுவாங்களாம். நான் வர ஆறாவுது…”

சங்கிலி அசையவில்லை. உள்ளே எங்கோ நூல்கண்டு ஒன்று உருண்டு சுவரில் முட்டி நின்றது.

“நாளைக்குக் கூட்டிட்டு வா,” என்றாள் தையல்காரம்மா. “மருந்துப் புட்டியையும் கொண்டா. கோடு போட்டுக் கொண்டா.”

“இல்லக்கா, இனிமே கோடெல்லாம்…”

“போட்டுக் கொண்டான்னா போட்டுக் கொண்டா. நீ ஒரு கோடு போடு, நான் ஒரு கோடு போடுறேன். உன்னை நான் எப்படி நம்பறது?”

கதவு சாத்திக்கொண்டது. கோட்டக்கா நடையிலேயே நின்றாள். சற்றுநேரம் பொறுத்து மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.